கேள்வியும் நூலும்

தலைநகரில் வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றில், கட்டிலுக்கு அடியில் பழுப்புத் தாள் சுற்றிய கட்டுகள் சில கிடப்பதைக் காணலாம். அவை அவ்வில்லத்துப் பெரியவர் தம் கைப்பொருளைச் செலவிட்டு அச்சிட்ட நூல்கள். பணிக்கொடையில் ஒரு பகுதி, வருங்கால வைப்பு நிதியில் ஒரு பகுதி என்று எடுத்து, 300 படியோ 500 படியோ அச்சிட்டிருப்பார். வெளியீட்டு விழா நடந்திருக்கும், பொன்னாடை போர்த்தியிருப்பர், உள்ளூர் வார ஏட்டில் புகைப்படத்தோடு பேட்டி வந்திருக்கும். வாய்ப்பு இருந்தால் வானொலியிலோ கேபிள் தொலைக்காட்சியிலோ பத்து நிமிடம் பேசியும் இருப்பார். இவ்வளவும் நடந்த பின்னரும் கட்டுகள் பிரிக்கப்படாமலே கிடக்கின்றன. ஏன் என்பதே இக்கட்டுரை ஆராய விரும்பும் வினா.

நூல் தரமற்றது, ஆகையால் விற்கவில்லை என்று ஒரு விடை கூறுவர். சில நூல்களுக்கு அது பொருந்தலாம். ஆனால் படித்த பின்னர்க் கூற வேண்டிய தீர்ப்பு அது; பிரிக்கப்படாத கட்டுக்குள் இருப்பதன் தரத்தை அறிந்தவர் யார்? தமிழ் படிப்போர் குறைந்துவிட்டனர் என்பது மற்றொரு விடை. அதில் உண்மை உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம். இவ்விரண்டும் அன்றி மூன்றாவது விடை ஒன்றும் உண்டு. நம்மவர் நூல்கள் பற்றி ஏடுகளில் வந்த பேட்டிகளை ஒருசேர வைத்துப் படித்தால் அது புலப்படும். நூலை அறிமுகம் செய்யவென்று வந்த பேட்டி, நூலாசிரியரை அறிமுகம் செய்கிறது; நூலை அறிமுகம் செய்யாமலே முடிந்துவிடுகிறது.

சொந்தப் பதிப்பு இழிவு அன்று

முதலில் ஓர் ஐயத்தைப் போக்கிக்கொள்ளுதல் நலம். தம் நூலைத் தாமே பதிப்பித்தல், பதிப்பகத்தார் ஏற்காமையால் நேர்ந்த குறை என்று பலர் கருதுகின்றனர். தமிழ்ப் பதிப்பு வரலாற்றை நோக்குவோர் அவ்வாறு கருதார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பதிப்பகம் ஒன்று பொருளோடு முன்வந்து நிற்கவில்லை. நூல் முற்றுப்பெறுவதற்கு முன்னரே பலரிடம் சென்று கையொப்பம் பெற்று, அவ்வுதவியைக் கொண்டே அச்சுச் செலவை அவர் ஈடுசெய்ய வேண்டியிருந்தது. மகாகவி பாரதியார் 1920இல் தம் எழுத்துகள் அனைத்தையும் 40 நூல்களாகப் பகுத்து, நூல் ஒன்றுக்கு 10,000 படிகள் வீதம் அச்சிடத் திட்டமிட்டார். அதற்குக் கடன் வேண்டி அன்பர்களுக்குச் சுற்றறிக்கையும் விடுத்தார். அத்திட்டம் நிறைவேறாமலே 1921இல் மறைந்தார். 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ இதழை நடத்திய சி. சு. செல்லப்பா, புத்தகக் கட்டுகளைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். தம் முதுமையில், 1997இல், ‘சுதந்திர தாகம்’ என்னும் மூன்று பாக நாவலைத் தாமே வெளியிட்டார். மறு ஆண்டு அவர் மறைந்தார். 2001இல் சாகித்திய அக்காதெமி அந்நாவலுக்குப் பரிசளித்தது.

இம்மூவரும் தம் நூலுக்குத் தாமே தூது சென்றவர்கள். அவர்கள் தூதில் பொதுவாக ஒன்று இருந்தது. அவர்கள் கையில் நூலோ நூலின் திட்டமோ இருந்தது. பேச்சு அதனைப் பற்றியே நிகழ்ந்தது. ஆதலின் தம் நூலைப் பற்றித் தாமே பேசுதல் தகுமா என்பது நம் வினா அன்று. எதைப் பேசுதல் தகும் என்பதே வினா.

நன்னூலார் வகுத்த நெறி

இவ்வினாவுக்கு விடை தேடி மேலை நாட்டு விளம்பரக் கலைக்குச் செல்ல வேண்டுவதில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதியே போதும். நூலுக்கு முகவுரை கூறத் தக்கவர் நால்வர் என்கிறார் அவர்: ஆசிரியனுடைய ஆசிரியன், அவனோடு உடன் பயின்றவன், அவன் மாணாக்கன், நூலுக்கு உரை செய்தவன். நால்வரும் நூலை உள்ளே புகுந்து அறிந்தவர்கள் என்பதை நோக்குக. பதவியால் உயர்ந்தவரும் பொருளால் உயர்ந்தவரும் அப்பட்டியலில் இல்லை.

எத்தனை துறை கற்று நூல் பல முடித்தவனாயினும் தன்னைத் தான் புகழ்தல் தகாது என்று விதிக்கும் நன்னூலார், உடனே நான்கு விலக்குகளையும் தருகிறார். அரசன் அவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோதும், எதிரி தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். வேற்று மாநிலத்தில் வாழும் தமிழ் எழுத்தாளன், தன் ஆற்றலை அறியாதாரிடையே நிற்பவன் அல்லனோ? எனவே அவனுக்கு இலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது. கூச்சத்தால் வாய் மூடியிருக்க வேண்டுவதில்லை.

ஆனால் வாய் திறந்து எதைக் கூறுவது? அதற்கும் பட்டியல் உண்டு. செய்தவன் பெயர், நூலின் பெயர், அது எவ்வழி வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, எவ்வாறு தொகுக்கப்பட்டது, எதனைப் பற்றியது, யார் கேட்பதற்கு உரியவர், கேட்பதனால் என்ன பயன் என்னும் எட்டும் கூற வேண்டும். எழுந்த காலம், அரங்கேறிய களம், இயற்றியதன் காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். இப்பதினொன்றில் ஆசிரியனைப் பற்றியது ஒன்றே. அதுவும் பெயர் மட்டுமே. எஞ்சிய பத்தும் நூலைப் பற்றியன.

தொல்காப்பியத்துக்கு அமைந்த சிறப்புப் பாயிரம் இதற்குப் பழஞ்சான்று. அதனை இயற்றிய பனம்பாரனார் தொல்காப்பியரோடு உடன் கற்றவர் என்பது வழிவழி வரும் செய்தி. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் முன்னிலையில், குற்றமற ஆராயப்பட்டு நூல் அரங்கேறியது என்று அப்பாயிரம் தெரிவிக்கிறது. கேட்போன் நூலை அறிந்து கேட்க, இயற்றியோன் நூலுக்குள் நின்று விடை கூறுதலே அரங்கேற்றம். இன்று நாம் பேட்டி என்று கூறுவதன் மேலான வடிவம் அதுவே.

இன்றைய பேட்டியின் இயல்பு

இனி, நம் காலத்துப் பேட்டியை அந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். வழக்கமாகக் கேட்கப்படும் வினாக்கள் ஐந்து. தங்கள் சொந்த ஊர் எது? எழுத்தார்வம் எப்போது தோன்றியது? இத்துறையில் தங்களுக்கு ஊக்கம் அளித்தவர் யார்? இதுவரை பெற்ற விருதுகள் யாவை? இளைய தலைமுறைக்குத் தாங்கள் கூற விரும்புவது என்ன? இவ்வைந்தும் தீய வினாக்கள் அல்ல. ஆனால் இவற்றுள் ஒன்றேனும் நூலைத் திறந்து பார்த்தவர் மட்டுமே கேட்கக்கூடிய வினாவா? அல்ல.

ஒரு பேட்டி நூலைப் பற்றியதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அச்சான பேட்டியில் நூலின் பெயரை நீக்கி, அவ்விடத்தில் வேறொரு நூலின் பெயரை இட்டுப் பாருங்கள். பேட்டி பழுதின்றி நிற்குமாயின் அது எந்த நூலுக்கும் உரியதன்று. நம் பேட்டிகளுட் பெரும்பாலானவை இச்சோதனையில் தேறா. கவிதைத் தொகுதிக்கு வந்த பேட்டி சமையல் நூலுக்கும் பொருந்தும். பயண நூலுக்கு வந்தது நாவலுக்கும் பொருந்தும். அவற்றைப் படித்த வாசகர், இன்னார் நல்லவர், உழைப்பாளி என்று மகிழ்கிறார். மகிழ்ந்த பின் பக்கத்தைப் புரட்டுகிறார். நூலை வாங்குவதற்கு ஒரு காரணமும் அவருக்குத் தரப்படவில்லை.

பேட்டி எடுப்பவரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. உள்ளூர் ஏட்டை நடத்துபவர் பெரும்பாலும் ஒருவரே. அவரே செய்தியாளர், அவரே பிழை திருத்துவோர், அவரே அஞ்சலில் சேர்ப்பவர். நூல் அவர் கைக்குப் பேட்டியன்று காலையில்தான் வருகிறது. படிக்க நேரம் ஏது? நூலாசிரியரோ நூலைப் பற்றிக் கேட்கப்படாததைப் பொருட்படுத்துவதில்லை. தம்மைப் பற்றிக் கேட்கப்பட்டதில் மனம் நிறைந்துவிடுகிறார். இருவர் பக்கமும் இழப்பு நூலுக்கே.

நான் அறிந்த ஒரு நூலைச் சான்றாகக் கூறலாம். 1960களில் கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் இரண்டு இரவு பயணம் செய்து தில்லி வந்து சேர்ந்த பெரியவர் ஒருவர் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு அது. அதில் ஓர் இயல், புது மணப்பெண்ணாய் வந்த அவர் மனைவி, தில்லியின் முதல் சனவரிக் குளிரில் இட்லி மாவு புளிக்காமல் பட்ட பாட்டைக் கூறுவது. அங்கீட்டியின் அருகில் வைத்துப் பார்த்தார், ரஜாயால் சுற்றியும் பார்த்தார், மாவு பொங்கவில்லை. அடுத்த வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணி வந்து பார்த்துவிட்டு, குளிர் காலத்தில் தயிர் உறைய நாங்கள் செய்வதைச் செய் என்று கூறி, மாவுப் பாத்திரத்தைக் கோதுமை மாவு டப்பாவுக்குள் புதைத்து மூடினாராம். மறுநாள் காலையில் மாவு பொங்கியிருந்தது. இரண்டு பெண்களுக்கும் பொது மொழி என்று ஒன்று அன்று இல்லை. அவ்வியல் நான்கு பக்கமே. ஆனால் வேற்று மண்ணில் தமிழ்க் குடும்பம் வேர் விட்ட வரலாறு அந்நான்கு பக்கங்களுள் இருக்கிறது.

அந்நூலுக்கு ஏட்டில் அரைப் பக்கப் பேட்டி வந்தது. பெரியவரின் ஊரும், பட்டமும், ஓய்வு பெற்ற பதவியும், இளைஞர்க்கு அறிவுரையும் அதில் இருந்தன. இட்லி மாவு இல்லை. பின்னர்ப் பொங்கல் கூட்டம் ஒன்றில் வேறொருவர் அந்நான்கு பக்கங்களை உரக்கப் படித்தார். தமிழ் எழுத்தே அறியாத பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் பாட்டியிடம், “நீங்களும் இப்படித்தான் செய்தீர்களா, பாட்டி?” என்று கேட்டாள். பாட்டி அன்று கூறத் தொடங்கிய கதை இரவு வீடு திரும்பிய பின்னரும் முடியவில்லை. அன்றே சில குடும்பத்தினர் நூலைக் கேட்டு வாங்கினர். அரைப் பக்கப் பேட்டி செய்யாததை நான்கு பக்கம் செய்தது.

கேள்விச் செல்வம்

தமிழ் படிப்போர் குறைந்துவிட்டனர் என்னும் விடையை இப்போது எடுத்துக்கொள்வோம். நம் பிள்ளைகளுட் பலர் இந்தி வழியிலும் ஆங்கில வழியிலும் பயில்பவர்கள். வீட்டில் தமிழ் பேசுவர், கேட்டால் விளங்கும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. பாட்டன் எழுதிய நூல் பேரனுக்கு மூடிய கதவாக இருக்கிறது. இந்நிலையை எண்ணி வருந்தாத தமிழ்ப் பெற்றோர் இலர்.

திருவள்ளுவர் பொருட்பாலில் அதிகாரங்களை அமைத்த முறை இவ்விடத்தில் சிந்தனைக்கு உரியது. 40ஆவது அதிகாரம் கல்வி, 41ஆவது கல்லாமை, 42ஆவது கேள்வி. கல்லாமையைக் கூறிய பின்னர்க் கேள்வியை வைத்தார். கல்லாதவனுக்கும் ஒரு வாயில் திறந்திருக்கிறது, அது செவி என்பது அவ்வைப்பு முறையால் பெறப்படும். கேள்வி என்னும் சொல் கேட்டு அறிதலையும் குறிக்கும்; வினாவுதலையும் குறிக்கும். பேட்டி என்பது இரண்டு பொருளிலும் கேள்வியே. ஒருவர் வினாவுகிறார், பலர் செவி வழியாக அறிகின்றனர். ஆதலின் நம் போன்ற குடும்பங்களுக்கு வானொலிப் பேட்டி வெறும் விளம்பரம் அன்று. படிக்க அறியாத தலைமுறைக்கு நூல் சென்று சேரக்கூடிய ஒரே வழியாகவும் அது அமையலாம். அந்தப் பத்து நிமிடத்தை ஊரும் பட்டமும் விருதும் கூறிச் செலவிடுவது எத்தகைய இழப்பு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆசிரியன் வாழ்க்கைக்கு இடமே இல்லையா என்று சிலர் வினவலாம். உண்டு. காலம், களம், காரணம் என்னும் மூன்றும் அதற்கென அமைந்தவை. நூல் ஏன் எழுந்தது என்பதை விளக்கும் அளவுக்கு வாழ்க்கை வரலாம். நூலை மறைக்கும் அளவுக்கு வரலாகாது.

செய்யத் தக்கன

இனி, நூல் வெளியிடும் அன்பர்களுக்குச் சில கூறலாம். பேட்டிக்கு இரண்டு வாரம் முன்னரே நூலை அனுப்பிவிடுங்கள். முழுவதும் படிக்க நேரமில்லாதவருக்கு உதவியாக, முதன்மையான மூன்று இடங்களில் தாள் துண்டு வைத்துக் கொடுங்கள். உரக்கப் படிப்பதற்கென்று இரண்டு மணித்துளி அளவில் ஒரு பகுதியைத் தேர்ந்து, வீட்டில் பலமுறை படித்துப் பழகுங்கள். நூல் எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதைத் தவறாமல் கூறுங்கள். ஒலிபரப்பானதைக் கைப்பேசியில் பதிந்து உறவினர்க்கு அனுப்புங்கள். பேரப்பிள்ளைகள் அதனை என்றேனும் கேட்பர்.

சமுதாய வானொலி நிலையங்களை நம்மவர் இன்னும் நன்கு பயன்படுத்தவில்லை. 2006இல் மத்திய அரசு வகுத்த கொள்கைப்படி, கல்வி நிலையங்களேயன்றித் தொண்டு நிறுவனங்களும் இவற்றை நடத்தலாம். 100 வாட் ஆற்றல் உடையவை. எட்டும் தொலைவு ஏறத்தாழ 10 முதல் 15 கிலோமீட்டர். நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்பது அக்கொள்கையின் விதி. நாமும் அவ்வுள்ளூர் மக்களே. தயங்காமல் சென்று கேட்கலாம்.

அரசுப் பணியில் இருப்போர் பேட்டி என்றதும் அஞ்சுவர். 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகளைப் படித்தால் அச்சம் தெளியும். அலுவல் கடமைக்கு ஊறு நேராதவாறு அவ்வப்போது இலக்கியப் பணி செய்தலை 15ஆவது விதி அனுமதிக்கிறது. நூல் வெளியிடுவோரும் ஊடகத்தில் பங்கு கொள்வோரும், கூறும் கருத்துகள் தம்முடையவை, அரசினுடையவை அல்ல என்று தெளிவாக்க வேண்டும் என்பது 8ஆவது விதி. அந்த ஒரு வாக்கியத்தைப் பேட்டியின் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் நன்று.

பணம் கொடுத்துப் பேட்டி பெறும் வழக்கமும் ஆங்காங்கே தலைகாட்டுகிறது. பணமாகவோ பொருளாகவோ விலை பெற்றுக்கொண்டு செய்தி வெளியிடுவதைப் ‘பணம் பெற்ற செய்தி’ என்று வரையறுத்து, 2010இல் இந்தியப் பத்திரிகை மன்றம் கண்டித்திருக்கிறது. அம்மன்றத்தார் நோக்கியது தேர்தல் காலச் செய்திகளை. நீதி நமக்கும் ஒன்றே. விளம்பரம் என்று தலைப்பிட்டு வெளியிட்டால் குற்றமில்லை. பேட்டி என்று பெயரிட்டு வெளியிட்டால், அடுத்து வரும் உண்மையான பேட்டியையும் வாசகர் நம்பமாட்டார்.

பேட்டி மறைந்த பின்னும் நூல் நிலைக்க வேண்டும். அதற்குச் சட்டமே ஒரு வழி வகுத்திருக்கிறது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும், மும்பை மைய நூலகத்துக்கும், தில்லிப் பொது நூலகத்துக்கும் வெளியிடுவோர் தம் செலவில் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். தம் நூலைத் தாமே வெளியிடுபவரும் வெளியீட்டாளரே. நான்கு நூலகங்களுள் மூன்று, தமிழர் குடியேறி வாழும் பிற மாநிலப் பெருநகரங்களில் அமைந்திருப்பது நம் பேறு. பன்னாட்டுத் தர நூல் எண்ணையும், ராஜா ராம்மோகன் ராய் பெயரில் அமைந்த தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. இவ்வெண்ணும் நூலக இருப்பும் இருந்தால், பேட்டி கேட்டு நூலைத் தேடி வருபவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டுவதில்லை.

சங்கங்களின் கடமை

தலைநகர் தமிழுக்கு ஆற்றிய பணி சிறிதன்று. ‘கணையாழி’ இதழ் 1965இல் தோன்றியது இத்தில்லியில்தான். அத்தகைய மரபு உடைய நாம், நூல் வெளியீட்டு விழாவில் மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவிடும் நேரத்தில் கால் பங்கை நூலுக்கு ஒதுக்கலாகாதா? சங்கங்கள் ஒவ்வொன்றும் நூலைப் படித்து வினாவக்கூடிய அன்பர் இருவர் மூவரைப் பழக்கி வைக்கலாம். உள்ளூர் ஏட்டார்க்கும் வானொலியார்க்கும் அவர்கள் துணை நிற்கலாம். அவர்கள் புகழ்வோராக இருக்க வேண்டுவதில்லை. இவ்விடம் விளங்கவில்லை, இது மிகை, இவ்வியல் சிறந்தது, ஏன் இதோடு நிறுத்தினீர் என்று கேட்பவராக இருந்தால் போதும். அதங்கோட்டு ஆசான் தொல்காப்பியருக்குச் செய்த சிறப்பு அதுவே.

நம் பெரியவர்கள் எழுதியவை எல்லாம் பேரிலக்கியம் என்று கூறுவதற்கில்லை. ஆனால் எந்தக் குடியிருப்பில் முதல் தமிழ்ப் பள்ளிக்கு இடம் கேட்டு அலைந்தனர், எந்தக் கடையில் புழுங்கல் அரிசி கிடைத்தது, ஊரில் தாய் இறந்த தந்தி வந்து ரயிலில் இடம் கிடைக்காத இரவை எவ்வாறு கழித்தனர் என்பவற்றை வேறு எந்த வரலாற்று ஆசிரியரும் எழுதப் போவதில்லை. அவை இருக்கும் இடம் அந்தப் பழுப்புத் தாள் கட்டுகளே. அடுத்த முறை நம் ஏட்டுக்காரர் ஒருவர் எழுத்தாளர் முன் அமரும்போது, ஊரையும் விருதையும் பின்னர்க் கேட்கட்டும். நூலின் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, “ஐயா, இதைக் கொஞ்சம் படித்துக் காட்டுங்கள்” என்று முதலில் கேட்கட்டும்.